அரைவட்டம் இறங்கும் வரை

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஏசியையும் நிறுத்தியாயிற்று. கைப்பேசியைப் பக்கத்து அறையில், கூட ஆய்வு செய்கிற ஜோஸ்பினின் மேஜைமேல் விட்டுவிட்டு வந்தாயிற்று. இனி அளவெடுத்து முடிகிற வரைக்கும் செண்பகவடிவு இந்த மரநாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கடத்துதிறனை அளக்கிற இந்தக் கருவிக்குக் காற்று ஆகாது, அதிர்வு ஆகாது, யாராவது ஸ்டூலை இழுத்தால்கூட ஆகாது. திரையில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிற புள்ளிகளில் ஒன்று கோபித்துக்கொண்டு எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் இந்த ஆய்வகத்தில் அளவெடுப்பது என்றால் புழுங்கிச் சாவது என்று அர்த்தம். ஐப்பசி பிறந்தும் தூத்துக்குடியில் மழை இறங்கவில்லை. வானம் இடித்து மிரட்டிவிட்டுப் போவதோடு சரி. காற்று மட்டும் பாதிக் கடலைக் குடித்துவிட்டு வந்தது போல் கனக்கிறது. போதாததற்கு முகத்தில் மாஸ்க். மகள் தாமிரா பள்ளிக்கூடத்திலிருந்து சளியை வாங்கிவந்து வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டாள். ஜோஸ்பின் முழுகாமல் இருக்கிற பெண், அவள் இருக்கிற இடத்தில் தும்மிக்கொண்டு நிற்கக் கூடாது என்று காலையில் வீட்டிலேயே மாட்டியது, இன்னும் கழற்றவில்லை. மேலுதட்டில் வேர்வை கூடித் துணி மூக்கோடு ஒட்டிக்கொண்டு, விட்ட மூச்சையே திரும்பத் திரும்பக் குடிக்க வேண்டியிருந்தது. மூக்கு நுனி அரித்தது. சொறியலாமா? கையைத் தூக்கினால் நாற்காலி கிறீச்சிடும். பொறுத்துக்கொண்டாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மேடு, இடப்பக்கம் தரையிலிருந்து கிளம்பி, ஏறி, வளைந்து, வலப்பக்கம் இறங்கித் தரையைத் தொடும் அரைவட்டம். அது போன வருஷம் அவளே எடுத்தது, கட்டுரையில் அச்சாகி வந்தது. அதன்மேல் இன்றைய புள்ளிகள் பச்சையில் விழுகின்றன. அரைவட்டம் சின்னதாக இருந்தால் பெல்லட்டுக்குள், அதாவது பொடியை அழுத்திச் செய்த வில்லைக்குள், அயனிகள் தடையில்லாமல் ஓடுகின்றன என்று பொருள். பெரிதானால் ஓட முடியாமல் திணறுகின்றன. பச்சை சாம்பல்மேலேயே நடந்து போய் அதே இடத்தில் இறங்க வேண்டும். இதுவரை விழுந்ததை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை.

இறங்காவிட்டால் என்ன என்று யோசிக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து வேறு எதையெல்லாமோ யோசித்துக்கொண்டிருக்கிறாள். போலந்தில் யாரோ ஒரு பெண். அவள் பெயர் வடிவின் வாயிலும் நுழையவில்லை, வழிகாட்டி ஞானதுரை சாரின் வாயிலும் நுழையவில்லை. போன வாரம் சாருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நீங்கள் செய்த அதே ஜிர்கோனியம் பாஸ்பேட்டை நாங்களும் செய்தோம், உங்கள் கட்டுரையில் சொன்ன கடத்துதிறனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வரவில்லை, தயவுசெய்து சொல்லுங்கள், பெல்லட்டை எப்படிக் காயவைத்தீர்கள்? சண்டைக்கு வந்திருந்தால் பரவாயில்லை. அவ்வளவு மரியாதையாகக் கேட்டிருந்ததுதான் வடிவைத் தூங்கவிடவில்லை. சார் சிரித்தார். "அவங்களுக்குக் கை வரலம்மா. நீ எதுக்கும் ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாத்துரு. வைவாக்கு முந்தி கையில இருந்தா நமக்கும் தெம்பு." வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, அடுத்த வாரம். ஆய்வேடு முழுக்க அந்த ஒரு எண்ணின்மேல்தான் நிற்கிறது. அந்த எண் போனால் முன்னுரை மிஞ்சும், நன்றியுரை மிஞ்சும். பெயருக்கு முன்னால் முனைவர் என்று வந்தால்தான் கௌரவ விரிவுரையாளர் என்கிற, மே மாதம் சம்பளம் கிடையாத இந்த வேலையிலிருந்து கரையேறலாம். கணவன் சங்கரவேல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து அலுப்போடு அலுப்பாக இட்லி அவிக்கிறதெல்லாம் இந்த வருஷத்தோடு முடிகிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள். இட்லி என்றதும் நினைவு அங்கே போய் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அவன், நீ அப்படி என்னதான் செய்யுத என்று கேட்டதற்கு, இட்லிக் கொப்பரையைத் திறந்து தட்டுகளைக் காட்டினாள். இந்த மாதிரிதான், தட்டு மேல தட்டு, அடுக்கடுக்கா இருக்கும். தட்டுங்கிறது உலோகம். அதுல மேலயும் கீழயும் பாஸ்பேட் துருத்திக்கிட்டு இருக்கும். ரெண்டு தட்டுக்கு நடுவுல குழி குழியா இடம். ஒவ்வொரு குழியிலயும் ஒரே ஒரு தண்ணி மூலக்கூறு. அவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். "அப்ப இத்தனை வருசமா நீயும் இட்லிதான் அவிச்சிருக்க."

அவன் சிரிக்கட்டும். அவளுக்கு அந்தக் குழிகளைப் பிடித்திருந்தது. புத்தகங்கள் எல்லாம் சொல்வது, அந்தக் குழித் தண்ணீர் தன் தட்டோடு மட்டும் கை கோத்துக்கொள்ளும், பக்கத்துக் குழியை ஏறெடுத்தும் பார்க்காது, அதனால் ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு அயனி தாவ வழியில்லை, தாவுகிறதெல்லாம் வெளிப்புறத்து ஈரத்தில் மட்டும்தான். வடிவும் சாரும் எழுதியது, நாங்கள் செய்த முறையில் அடுக்குகளுக்கு நடுவே இடம் கொஞ்சம் கூடியிருக்கிறது, கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது, உள்ளேயே தாவுகிறது. இடம் கூடியிருந்தது உண்மை, எக்ஸ்ரேயில் தெரிந்தது. மயிரிழையிலும் மயிரிழை, ஆனால் கூடியிருந்தது. எண்ணும் வந்தது. ஒருமுறை இரண்டுமுறை இல்லை, போடுகிறபோதெல்லாம் வந்தது. பிறகென்ன? பச்சைப் புள்ளி ஒன்று விழுந்தது. சாம்பல் மேடு வளையத் தொடங்கும் இடத்தில் பச்சை வளையவில்லை. கொஞ்சம் தள்ளி வளையுமாயிருக்கும். எப்படிக் காயவைத்தீர்கள்? எல்லாரும் காயவைக்கிற மாதிரிதான். பொடியை அடுப்பில் ஒரு ராத்திரி. அப்புறம் கண்ணாடிக் குடுவையில், அடியில் நீலச் சிலிக்கா. அது ஈரம் குடித்தால் ரோஸாகிவிடும், வடிவு அதை ரோஸாக விட்டதே கிடையாது, தாமிராவின் யூனிஃபாரத்தைக்கூட அவ்வளவு பார்த்ததில்லை. அப்புறம் அச்சில் போட்டு அழுத்தினால் பொட்டு அளவுக்கு வெள்ளை வில்லை. அதன் இரண்டு பக்கமும் வெள்ளிப் பசை தடவினாள். எஃகுக் கூட்டுக்குள் வைத்துத் திருகி மூடினாள். இன்றைக்கும் அப்படித்தான். அதே பொடி, அதே அச்சு, அதே பசை, அதே கூடு. எப்படிக் காயவைத்தீர்கள் என்றால் இப்படித்தான். இன்னொரு புள்ளி விழுந்தது. முன்னதற்கு நேர் மேலே.

கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஜோஸ்பினுக்கு இந்த அறையின் சட்டம் தெரியும், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வயிற்றுக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் கண்ணாடித் தட்டோடு பூனை மாதிரி வந்தாள். தட்டில் நான்கைந்து வெள்ளை வில்லைகள், அவளுடைய டைட்டானியம் பாஸ்பேட். "அக்கா, முடிச்சிட்டு இதுக்குப் பசை தடவித் தருவீங்களா? எனக்கு அந்த வாடை அடிச்சாலே குமட்டிக்கிட்டு வருது," என்றாள் கிசுகிசுவென்று. "வச்சிட்டுப் போட்டி," என்றாள் வடிவு உதடு அசையாமல். "வாடைக்காக மட்டும் இல்லக்கா. நீங்க தடவுனாத்தான் எண் வருது. நான் தடவுனது நேத்து ஒண்ணுக்குமே உதவல. சார்கூடச் சொன்னாங்கல்ல, வடிவு கைராசிக்காரி, எல்லார் பெல்லட்டையும் அவட்டக் குடுங்கன்னு." திரையை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, இது மேல போயிக்கிட்டே இருக்கு?" "வளையும்," என்றாள் வடிவு. ஜோஸ்பின் தட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, வந்த மாதிரியே போனாள். போகும்போது கதவு லேசாக முட்டியது, ஆனால் புள்ளி துள்ளவில்லை.

கைராசி. அந்தச் சொல் காதில் தங்கிவிட்டது. பூக்கட்டுகிறவர்களுக்குச் சொல்வார்கள், ஊசி போடுகிற நர்ஸம்மாவுக்குச் சொல்வார்கள், முதல் போணி பண்ணுகிறவர்களுக்குச் சொல்வார்கள். வேதியியலில் கைராசி என்று ஒன்று உண்டா என்று அருள்நம்பி ஒருநாள் கேட்டான், கேட்டுவிட்டு அவனே சிரித்தான், ஆனால் அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. அவன் அவளுக்கு முன்னால் சேர்ந்தவன், அவளைவிட நிதானமானவன், ஒரு திருகாணியைத் திருகினால்கூட இரண்டுதரம் சரிபார்ப்பான். அவனுக்கு ஒருநாளும் அந்த எண் வரவில்லை. அவன் பெல்லட்டுகள் எல்லாம் புத்தகத்தில் சொன்ன மாதிரியே திணறின. சார் அவன் கையுறையைப் பார்த்தார், இடுக்கியைப் பார்த்தார். கை படக்கூடாதுப்பா, எங்கயோ உன் கை படுது, என்றார். கை படக்கூடாது என்பது இந்த ஆய்வகத்தின் வேதம். கதவில் ஒட்டியிருக்கும், அச்சில் ஒட்டியிருக்கும், ஜோஸ்பின் கனவில்கூட ஒட்டியிருக்கும். அருள்நம்பி இரண்டு கையுறை போட்டுக்கொண்டான். பசை தடவிவிட்டு அகச்சிவப்பு விளக்கின் கீழே வைத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு, பிரார்த்தனைக்கு நிற்கிறவன் போலத் தள்ளி நிற்பான். அப்படியும் வரவில்லை. கடைசியில் விட்டுவிட்டுப் போய் இப்போது கோவில்பட்டியில் நீட் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறான். போகிற அன்றைக்கு, நீங்க தப்பா எதுவும் செய்யல வடிவு, எனக்குத் தெரியும், நானுந்தான் செய்யல, என்றான். அப்போது அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஏன் ஆறுதலாக இருந்தது? இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எண் வந்துகொண்டிருந்தது, வருகிற எண்ணை எவள் யோசிப்பாள்? மூக்கு நுனி மறுபடி அரித்தது. பச்சை, சாம்பல் மேட்டின் உச்சியை எப்போதோ தாண்டிவிட்டது.

கருவி செலுத்தும் மின்சாரத்தின் அதிர்வெண் குறையக் குறையப் புள்ளிகள் தாமதமாகும். ஆரம்பத்தில் பொரி பொரிகிற மாதிரிச் சடசடவென்று விழுந்தவை இப்போது ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் போல. இந்த இடைவெளிதான் மோசம். இதில்தான் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வைவாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சங்கரவேலின் இஸ்திரி போட்ட சட்டை. அவனுக்கு ஒன்றும் புரியாது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். பயத்தைத் தள்ளிவிட வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். காலையில் தாமிராவுக்குக் கஞ்சி. சூடாக இருந்தது. கரண்டியில் எடுத்து வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், மாஸ்க்கை இறக்கப் போனாள். தாமிரா கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "ஊதாதம்மா. ஒன் சளி எனக்கு வந்துரும்." கொடுத்தவளே இவள்தான், இருந்தும் சட்டம் பேசுகிறாள். சரி என்று கஞ்சியை மின்விசிறிக்குக் கீழே வைத்து ஆற்றி, பஸ்ஸைத் தவறவிட்டது அதனால்தான். ஊதாமல் எதையும் கொடுத்துப் பழக்கமில்லை. வடிவின் அம்மா, கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவாள், முட்டியில் சிராய்த்தால் ஊதுவாள், சின்னதில் காய்ச்சல் வந்தபோது சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு போய் நின்றாள், தொழுதுவிட்டு வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக ஓதி நெற்றியில் ஊதிவிட்டுப் போனார்கள். அந்த மூச்சுகளின் இளஞ்சூடு இப்போதும் நெற்றியில் இருக்கிறது. எதற்கும் முதல் வைத்தியம் ஊதுவது. கஞ்சி, காயம், மருதாணி, நகப்பூச்சு. நகப்பூச்சு. வெள்ளிப் பசைக்கும் அதே வாடைதான், நகப்பூச்சு வாடை, அதுதான் ஜோஸ்பினுக்குக் குமட்டுகிறது. இன்றைக்குப் பசை காய ரொம்ப நேரம் ஆயிற்று. விளக்கின் கீழே வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள், சலிப்பாக இருந்தது, இவ்வளவு நேரம் எடுக்குமா என்றுகூட நினைத்தாள். எப்போதும் இவ்வளவு நேரம் எடுக்காது. எப்போதும்.

எப்போதும் அவள் ஊதுவாள். இது ஒரு கண்டுபிடிப்பு மாதிரி வரவில்லை. வீட்டைப் பூட்டினோமா என்று வழியில் சந்தேகம் வருமே, அப்படித்தான் வந்தது. பசையைத் தடவி, இடுக்கியில் பிடித்து, முகத்துக்கு நேரே உயர்த்தி, உதட்டைக் குவித்து, இந்தப் பக்கம் ஒருதரம், திருப்பி அந்தப் பக்கம் ஒருதரம், விளிம்பைச் சுற்றி ஒருதரம். காய்ந்துவிடும். உடனே கூட்டுக்குள் வைத்துத் திருகிவிடுவாள், ஈரம் புகாமல் இருக்க. உள்ளே புகுந்த ஈரம் வெளியே போகாமல் என்று சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க அடுப்பில் காயவைத்து, நீலச் சிலிக்காவுக்கு மேலே வாரக்கணக்கில் பாதுகாத்து, கடைசியில் வாயால் ஊதி அனுப்பியிருக்கிறாள். கை படக்கூடாது என்றார்கள், அவள் கை படவில்லை. வாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஊதுவது ஒரு செய்முறை என்று யாருக்குத் தோன்றும்? செய்முறைப் பகுதியில் எழுதவில்லை, எழுத வேண்டும் என்றும் தெரியாது, மூச்சு விட்டோம் என்று யாராவது எழுதுவார்களா? இன்றைக்கு மாஸ்க் இருந்தது. அதனால் விளக்கு. அருள்நம்பியின் விளக்கு. ஆக, குழிக்குக் குழி எதுவும் தாவவில்லை, கதவு திறந்திருந்தும் ஒன்றும் உள்ளே போகவில்லை, எல்லாம் வெளியே, வில்லையின் தோலில், அவள் மூச்சு படிந்த ஈரத்தில் ஓடியிருக்கிறது. அவளுடைய ஆய்வேடு, ஜோஸ்பினின் எண்கள், அவள் கைராசிக்காக வரிசையில் நின்ற எல்லாருடைய எண்களும். கடைசிப் புள்ளி விழுந்தது. பச்சைக் கோடு திரையின் மேல்விளிம்பைத் தொட்டு, வளையாமல், அதற்கு மேலும் போய்விட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப் போயிருந்தது, அதை நீட்டினாள். நாற்காலி கிறீச்சிட்டது. இனி கிறீச்சிட்டால் என்ன.

நினைப்பதும் உண்மையும் ஒன்றாகிவிடாது, போட்டுப் பார்க்க வேண்டும். எழுந்து போய்க் கூட்டைத் திறந்தாள். வில்லையை இடுக்கியில் எடுத்தாள். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கினாள், மூக்கில் காற்றுப் பட்டதும் முதலில் அந்த அரிப்பைச் சொறிந்துகொண்டாள். பிறகு வில்லையை முகத்துக்கு நேரே பிடித்து உதட்டைக் குவித்தபோது, ஒரு நொடி, வளையாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வளையாவிட்டால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது, அவள் மூச்சில் இல்லை. இந்தப் பக்கம் ஊதினாள், அந்தப் பக்கம் ஊதினாள், விளிம்பைச் சுற்றி ஊதினாள். உள்ளே வைத்துத் திருகினாள். அளவைத் தொடங்கிவிட்டு உட்காராமல் நின்றே பார்த்தாள். பச்சைப் புள்ளிகள் கிளம்பின, ஏறின, சாம்பல் மேடு வளைகிற இடத்தில் வளைந்தன, அதன் உச்சியிலேயே ஏறி, அதன் சரிவிலேயே இறங்கி, அதே இடத்தில் தரையைத் தொட்டன. போன வருஷத்துக் கோட்டின்மேல் மறு தடவை பேனாவால் எழுதின மாதிரி. அழகாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்படியொரு அரைவட்டம் கையில் இருந்தால் வைவாவில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இதை மட்டும் சேமித்துவிட்டு முன்னதை அழித்துவிட ஒரு பட்டன் போதும். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கண் அங்கே போனதையும் அவள் பார்த்தாள்.

"அக்கா, சார் லைன்ல இருக்காங்க," என்று ஜோஸ்பின் கதவைத் திறந்து கைப்பேசியை நீட்டினாள். திரையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "வளைஞ்சிருச்சே!" வடிவு வாங்கிக் காதில் வைத்தாள். ரயில் சத்தத்துக்கு நடுவே சார் கத்தினார். "என்னம்மா, வளைஞ்சுதா?" "வளைஞ்சுது சார்." "அப்பாடா," என்று அவர் விட்ட மூச்சு காதில் வந்து மோதியது. "நான்தான் சொன்னேன்லா? அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதிருவோம், எங்க ஆளுக்குக் கைராசின்னு. என்ன, சத்தத்தையே காணோம்? சந்தோசம் இல்லியா?" ஜோஸ்பின் பார்த்துக்கொண்டே நின்றாள். வடிவு திரையைப் பார்த்தாள், பச்சையும் சாம்பலும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. "கைராசி இல்ல சார்," என்றாள். தொண்டை கரகரத்தது, சளி. "விளக்குல காயவச்சத வெறுமன போட்டப்ப வளையல. மேல போயிருச்சு. பொறவு எடுத்து வாயால ஊதிட்டுப் போட்டேன். அப்பந்தான் வளைஞ்சுது." "என்னது? ஊதுனியா? எதுக்கு ஊதுன?" "எப்பவும் ஊதுவேன் சார். பசை காய. இத்தனை நாளும் நான் தடவுன எல்லாத்தயும் ஊதித்தான் குடுத்துருக்கேன்." ரயில் ஏதோ பாலத்தில் ஏறியது போலிருந்தது, கடகடவென்றது. அது அடங்கியபிறகு சார், "வெறுமன போட்டத அழிச்சிராத," என்றார். "இல்ல சார், வச்சிருக்கேன்." "நான் வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். ஜோஸ்பின் மேஜை ஓரத்தில் இருந்த தன் வில்லைகளைப் பார்த்தாள், பிறகு வடிவைப் பார்த்தாள். வடிவு தன் கைப்பேசியை மறுபடி அவளிடமே கொடுத்தாள், அருள்நம்பியின் நம்பர் அதில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் பார்க்கலாம். "நீ வெளிய போயிருட்டி, வாடை அடிக்கும்," என்றாள். விளக்கைப் போட்டாள். மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றி விட்டுக்கொண்டு, ஜோஸ்பினின் முதல் வில்லையை இடுக்கியில் எடுத்துப் பசை தடவத் தொடங்கினாள்.